வெந்நீர் வைத்துக் கொடுத்தது யார்?

எங்கள் குழந்தைகள் மனநலப் பிரிவுக்கு வரும் தாய்மார்களில் பலர் கையில் ஒரு பையோடு வருவார்கள். துணிக்கடைப் பையாக இருக்கும், அல்லது மஞ்சப்பை. உள்ளே தாய் சேய் நல அட்டை, தடுப்பூசி அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட்டுகள், குழந்தை கண்ணாடிப் பெட்டியில் இருந்த நாட்களின் டிஸ்சார்ஜ் சீட்டு. அப்படி மஞ்சப்பையோடு வந்த ஒரு அம்மாவின் பிள்ளைக்கு இப்போது ஒன்பது வயது. வகுப்பில் உட்கார மாட்டேன் என்கிறான், பக்கத்துப் பையனை அடிக்கிறான் என்று பள்ளியில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதற்கும் அந்தத் தாள்களுக்கும் என்ன தொடர்பு என்று யாரும் அந்த அம்மாவுக்குச் சொல்லவில்லை. ஆனாலும் லேமினேட் செய்து பத்திரமாக வைத்திருக்கிறார். நான் கேட்பதற்கு முன்பே மேசை மேல் பரப்பிவிட்டு என் முகத்தையே பார்க்கிறார்.

அந்தப் பார்வைக்குள் ஒரு கேள்வி இருக்கும். பத்தொன்பது வருடங்களாக அதை வெவ்வேறு வாய்களில் கேட்டு வருகிறேன். "வயித்துல இருக்கறப்ப அழுதுக்கிட்டே இருந்தேன் மேடம், அதனாலயா?" "பால் பத்தலைன்னு பவுடர் பால் குடுத்தோம், அதனாலயா?" "நாலு மாசத்துல வேலைக்குப் போயிட்டேன். எங்க அம்மாதான் பாத்துக்கிட்டாங்க. அதனாலயா?"

ஒரு குழந்தையின் ஆரம்ப காலத்தைக் கேட்டு எழுதுவதுதான் என் வேலையின் முதல் பகுதி. கருவில் இருந்தபோது என்ன நடந்தது, பிறந்தவுடன் அழுததா, எடை எவ்வளவு, வலிப்பு வந்ததா, முதல் இரண்டு மூன்று வருடங்கள் யார் கையில் வளர்ந்தது, அப்போது வீடு எப்படி இருந்தது. பின்னாளில் வரும் மனநலச் சிக்கல்களோடு இவற்றுக்குத் தொடர்பு உண்டு என்பது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். இதையெல்லாம் நான் படிப்பு முடியும்போதே தெரிந்து வைத்திருந்தேன். எப்படிக் கேட்பது என்பதைத்தான் தெரிந்து வைத்திருக்கவில்லை.

பயிற்சியின் இரண்டாவது வருடம் அது. ஏழு வயதுப் பெண் குழந்தை ஒருத்தி வந்தாள். வீட்டில் நன்றாகப் பேசுவாள், பள்ளியில் ஒரு வார்த்தை வராது. அம்மா, அப்பாவைப் பெற்ற பாட்டி, குழந்தை என மூவரும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். நான் அச்சடித்த படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேலிருந்து கீழாகக் கேட்டுக்கொண்டே போனேன். விரும்பிய கர்ப்பமா? கலைக்க ஏதாவது முயற்சி செய்தீர்களா? கர்ப்ப காலத்தில் மனக்கவலை இருந்ததா? அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். பாட்டி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "நல்லாக் கேளுங்க மேடம். பத்து மாசமும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு அழுதுக்கிட்டே கெடந்தா. அதான் புள்ள வாய் தொறக்க மாட்டேங்குது." நான் படிவத்தில் எழுதினேன்: கர்ப்ப கால மன அழுத்தம், உண்டு.

அவர்கள் மறுபடி வரவில்லை. என் பேராசிரியர் அந்தக் கோப்பைப் படித்துவிட்டுச் சொன்னது அப்படியே நினைவில் இருக்கிறது. "எழுதுனது சரிதாம்மா. ஆனா அந்த வீட்டுல அந்தப் பொண்ணுக்கு எதிரா ஒரு சாட்சி வேணும்னு காத்துக்கிட்டு இருந்தாங்க. நீ ஆஸ்பத்திரி முத்திரையோட குடுத்து அனுப்பிட்டே."

அந்தப் பெண் ஏன் அழுதாள் என்று நான் கேட்கவில்லை. படிவத்தில் அதற்கு இடம் இல்லை. அந்தக் குழந்தைக்கு இப்போது இருபதுக்கு மேல் வயதாகியிருக்கும். பள்ளியில் அவள் எப்போது பேச ஆரம்பித்தாள் என்று எனக்குத் தெரியாமலே போயிற்று.

அதற்குப் பிறகு மெல்ல மெல்ல என் கேள்விகள் மாறின. இப்போது நான் பெரும்பாலும் பெயரிலிருந்து ஆரம்பிக்கிறேன். "இந்தப் பேரு யாரு வச்சது?" இதற்குப் பதில் சொல்லும்போது எந்த அம்மாவும் குற்றவாளிக் கூண்டில் நிற்பதுபோல் உணர்வதில்லை. ஆனால் பதிலுக்குள் எல்லாம் வந்துவிடும். குலதெய்வத்தின் பெயரா, நியூமராலஜி பார்த்து வைத்ததா, செத்துப்போன மாமனார் பெயரா, பேர் வைக்கும் அன்று யார் யார் வந்தார்கள், யார் வரவில்லை. "பையன்னா வைக்கிறதுக்கு ஒரு பேரு வச்சிருந்தோம் மேடம், பொண்ணாப் பொறந்துருச்சு, அப்புறம் யாரும் ஒண்ணும் சொல்லல, நர்ஸம்மாதான் ஒரு பேரு சொன்னாங்க" என்று ஒருவர் சொன்னார். படிவத்தின் நாலு பக்கங்களில் வராத செய்தி அது.

அடுத்து, "பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனீங்களா?" தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் ஊர்களில் இன்னும் உயிரோடு இருக்கும் வழக்கம் என்பதால், போகவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருந்தே தீரும். காதல் கல்யாணம் என்று தாய்வீட்டுக் கதவு அடைத்திருக்கலாம். அம்மா இறந்திருக்கலாம். வளைகாப்புச் சீர் குறைந்து இரண்டு குடும்பமும் முகம் திருப்பியிருக்கலாம்.

பிறகுதான் என் முக்கியமான கேள்வி. "புள்ளை பெத்த உடம்போட இருந்தீங்களே, குளிக்க வெந்நீர் வச்சுக் குடுத்தது யாரு?"

இதை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லித்தரவில்லை. பிரசவ வார்டில் இருந்த ஒரு வயதான ஆயாம்மா புதிதாகப் பெற்றவர்களிடம் இதைக் கேட்பார். அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். வெந்நீர் வைத்தது யார், பத்தியச் சோறு ஆக்கியது யார், குழந்தையைக் கால் மேல் போட்டுக் குளிப்பாட்டியது யார், ராத்திரி குழந்தை அழுதால் இன்னொரு ஆள் எழுந்ததா. "யாரும் இல்ல மேடம், நானேதான்" என்று சொல்லும்போது குரல் மாறும். அந்தக் குரல் மாறும் இடத்தில் நான் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன்.

ஆயாம்மாவின் கேள்விக்கு அறிவியலும் துணை நிற்கிறது என்பது பிறகு தெரிந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்குப் பிறகும் தொடர்ந்து பார்த்து, 2002-ல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிள்ளை பெற்ற பெண்களில் 11 சதவீதம் பேருக்குப் புதிதாக மனச்சோர்வு நோய் வந்திருந்தது. யாருக்கு அதிகம் வந்தது என்று பார்த்தால்: வருமானம் குறைந்தவர்கள், ஆண் பிள்ளையை எதிர்பார்த்துப் பெண் பிள்ளை பெற்றவர்கள், மாமியாரோடும் தாய் தகப்பனோடும் உறவு சரியில்லாதவர்கள், கர்ப்ப காலத்தில் வேறு துயரங்களைச் சந்தித்தவர்கள், கைவேலைக்கு உதவி இல்லாதவர்கள். கடைசியில் வருவதுதான் வெந்நீர். அதே ஆண்டு விக்ரம் பட்டேலும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட கோவா ஆய்விலும் வறுமை, கணவனின் வன்முறை, பெண் பிள்ளை பிறந்தது ஆகியவையே முன்னால் வந்து நின்றன.

இந்தப் பட்டியலில் தாயின் தவறு என்று சொல்ல ஒன்றாவது இருக்கிறதா என்று பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் நான் கேட்பதுண்டு. வருமானமும் மாமியாரும் பிறந்த பிள்ளையின் பாலினமும் அவள் கையில் இல்லை. ஆனால் இவற்றின் விளைவு அவள் உடம்பில் வந்து இறங்கி, அவள் வழியாகக் குழந்தையை அடையும்போது, பார்க்கிற கண்ணுக்கு அவள் மட்டுமே தெரிகிறாள்.

எப்படி அடைகிறது? இரண்டு மூன்று மாதக் குழந்தை 'ங்கா' சொல்லும். அம்மா திரும்ப 'ங்கா' சொல்வாள். குழந்தை கையை ஆட்டும், அம்மா கண்ணை விரிப்பாள். ஒன்றுமில்லாத விளையாட்டு மாதிரி இருக்கும். குழந்தை தன் பதற்றத்தை அடக்கவும், இன்னொரு முகத்தை நம்பவும், தான் ஒன்று செய்தால் உலகம் பதில் சொல்லும் என்று அறியவும் பழகுவது இங்கேதான். எட்வர்ட் ட்ரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களில் ஓர் எளிய சோதனை செய்தார். கொஞ்சிக்கொண்டிருக்கும் தாயை ஓரிரு நிமிடம் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் குழந்தையைப் பார்த்திருக்கச் சொன்னார். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும். சத்தம் போடும். கையை நீட்டும். பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மனச்சோர்வில் இருக்கும் தாய்க்கு அந்த ஓரிரு நிமிடம் பல மாதங்களாக நீண்டுவிடலாம். அன்பு குறைந்ததால் அப்படி ஆவதில்லை. அசைய முடியாத அளவுக்கு முகம் கனத்துவிடுகிறது.

இதே ட்ரானிக் கண்டறிந்த இன்னொன்றை நான் ஒவ்வொரு தாயிடமும் சொல்கிறேன். நன்றாக இருக்கும் தாயும் சேயும்கூடப் பெரும்பாலான நேரம் ஒருவருக்கொருவர் பொருந்தாமல்தான் இருக்கிறார்கள். குழந்தை பார்க்கும்போது அம்மா அடுப்பைப் பார்க்கிறாள், அம்மா கொஞ்சும்போது குழந்தைக்குத் தூக்கம். விட்டுப்போன இழையை மறுபடி மறுபடி பிடித்துக்கொள்வதுதான் அந்த உறவைக் கட்டுகிறது. இதைச் சொல்லும்போது பல அம்மாக்கள் மூச்சை விடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தாயின் மனச்சோர்வு குழந்தையைப் பாதிக்கிறது என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அது பாதி உண்மை. ராத்திரி முழுக்கக் கத்தும் குழந்தை எந்தத் தாயையும் சோர்ந்துபோக வைக்கும். குறைமாதத்தில் பிறந்த குழந்தை சீக்கிரம் களைத்துவிடும், பால் சப்பும்போதே தூங்கிவிடும், கண்ணைச் சந்திக்க நேரமாகும். அது கூப்பிடும் குரல் மெலிது. அந்த மெலிந்த குரலுக்குப் பதில் சொல்ல ஒரு திடமான ஆள் வேண்டும், ஆனால் பெற்றவளோ பயந்து களைத்துப்போயிருக்கிறாள். குழந்தை தாயை மாற்றுகிறது, தாய் குழந்தையை மாற்றுகிறாள். இதோடு பரம்பரையும் சேர்ந்துகொள்கிறது. தாய்க்கு மனச்சோர்வைத் தந்த மரபின் ஒரு பங்கு பிள்ளையிடமும் இருக்கலாம். துறுதுறுவென்று ஓரிடத்தில் நிற்காத பையனின் அப்பாவை விசாரித்தால், "நானும் சின்ன வயசுல இப்படித்தான் மேடம், வாத்தியாரு தூண்ல கட்டி வைப்பாரு" என்பார். அவர் சொல்லும்போது சிரிப்பார். நான் அதை மரபுக் கட்டத்தில் குறித்துக்கொள்வேன், அவர் தூணில் கட்டப்பட்டதைத் தனியாகக் குறித்துக்கொள்வேன். இரண்டும் இந்தப் பையனின் வீட்டுக்குள் இருக்கின்றன.

ஆகவே ஒரு காரணத்தைப் பிடித்துக்கொள்வது எங்கள் தொழிலில் ஆபத்து. முன்பு அப்படிப் பிடித்துக்கொண்டு பெரிய தீங்கு செய்திருக்கிறோம். ஆட்டிசம் தாயின் அன்பில்லாக் குளிர்ச்சியால் வருகிறது என்று புரூனோ பெட்டல்ஹைம் 1967-ல் புத்தகம் எழுதினார். உலகெங்கும் தாய்மார்கள் அதைச் சுமந்தார்கள். அவருக்கு மூன்று வருடங்கள் முன்பே பெர்னார்ட் ரிம்லேண்ட், அவரே ஒரு ஆட்டிசக் குழந்தையின் தகப்பன், அது மூளை வளர்ச்சி சார்ந்தது என்று எழுதிவிட்டார். இருந்தும் பழி இறங்க வெகுகாலம் ஆனது. எங்கள் வராந்தாவில் அந்தப் பழி இன்னும் நடமாடுகிறது. "போன் குடுத்து வளத்தா, அதான்." குளிர்ந்த தாயின் இடத்தில் போன் கொடுத்த தாய்.

குழந்தை மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டரை நான் என் ஆசிரியர்களில் ஒருவராகவே நினைக்கிறேன், நேரில் பார்த்ததில்லை என்றாலும். 1960-களில் இங்கிலாந்தின் வைட் தீவில் பத்து, பதினொரு வயதுக் குழந்தைகள் அனைவரையும் ஆராய்ந்த குழுவை அவர் நடத்தினார். பிறகு லண்டன் நகரக் குழந்தைகளோடு ஒப்பிட்டார். குடும்பத்தில் ஆறு விஷயங்களைப் பார்த்தார்கள்: பெற்றோருக்கிடையே கடும் பூசல், வறுமை, நெருக்கடியான வீட்டில் நிறையப் பிள்ளைகள், தகப்பனின் குற்றச் செயல்கள், தாயின் மனநோய், குழந்தை அரசுப் பராமரிப்புக்குப் போக நேர்ந்தது. இவற்றில் ஏதாவது ஒன்று மட்டும் இருந்த பிள்ளைகளுக்கும் ஒன்றுமே இல்லாத பிள்ளைகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு சேர்ந்தபோது மனநலச் சிக்கல் பல மடங்கு கூடியது, நான்கு சேர்ந்தபோது மேலும் ஏறியது. சுமைகள் கூட்டல் கணக்கில் ஏறாமல் பெருக்கல் கணக்கில் ஏறுகின்றன என்று அவர் எழுதியது என் அன்றாட வேலையை மாற்றிவிட்டது.

ஏனென்றால், பெருக்கலில் ஏறுவது பெருக்கலில் இறங்கவும் செய்யும். நாலில் ஒன்றை எடுத்துவிட்டாலே சுமை வெகுவாகக் குறையும். ஒரு பெண்ணின் வறுமையை நான் தீர்க்க முடியாது. அவள் கணவனின் குடியை நிறுத்த என்னால் ஆனதைச் செய்யலாம், உறுதி சொல்ல முடியாது. அவளது மனச்சோர்வை எங்கள் வெளிநோயாளர் பிரிவிலேயே குணப்படுத்த முடியும். அவள் தூங்க ஆரம்பித்தால் குழந்தையின் வாரமே மாறும். குழந்தைக்காக வந்த கோப்பில் தாய்க்கும் ஒரு சீட்டு போடுவது அதனால்தான்.

சுமை எவ்வளவு காலம் நீடித்தது என்பது முக்கியமா என்று கேட்பவர்களுக்கு நான் ருமேனியாவைச் சொல்வேன். 1989 டிசம்பரில் சௌசெஸ்குவின் ஆட்சி விழுந்தபோது அந்நாட்டு அநாதை இல்லங்களின் கதவுகள் திறந்தன. வரிசை வரிசையாகக் கட்டில்கள், கூப்பிட்டால் வருவதற்கு ஆள் இல்லாத குழந்தைகள். அழுது பயனில்லை என்று அறிந்து அழுகையை நிறுத்திவிட்ட வார்டுகள். அங்கிருந்து பிரிட்டனுக்குத் தத்துப் போனவர்களில் 165 பேரை ரட்டரின் குழு பெரியவர்களாகும் வரை தொடர்ந்தது. ஆறு மாதத்துக்கு முன்பே வெளியே வந்தவர்கள் மற்ற தத்துப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்தார்கள். ஆறு மாதத்துக்கு மேல் அங்கே இருந்தவர்களில் பலருக்குக் கவனக் குறைவு, யாரிடமும் அளவில்லாமல் ஒட்டிக்கொள்ளும் தன்மை, ஆட்டிசம் போன்ற தன்மைகள் இருபது வயது தாண்டியும் தங்கின. நல்ல வீடு, நல்ல பெற்றோர், நல்ல பள்ளி எல்லாம் கிடைத்த பிறகும் அப்படி. அந்த முடிவுகளைப் படித்த நாளில் எனக்கு வேலை ஓடவில்லை.

ஆனால் அந்த முடிவுகளைச் சொல்லி 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த அதே கட்டுரையில், நீண்ட காலம் அங்கே கிடந்தவர்களிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் எந்தக் கட்டத்திலும் பெரிய சிக்கல் எதுவும் காட்டவில்லை என்றும் இருக்கிறது. ஹவாயின் கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் தொடர்ந்தார். வறுமை, பிரசவச் சிக்கல், குடும்பப் பூசல், பெற்றோரின் மனநோய் எனப் பல சுமைகளோடு ஆரம்பித்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் திறமையும் பரிவும் உள்ளவர்களாக வளர்ந்தார்கள். அவர்களின் கதைகளில் திரும்பத் திரும்ப வந்தது ஒரு ஆள். அது அம்மாவாக இருக்க வேண்டும் என்றில்லை. பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர், ஒரு டீச்சர். நிலையாக இருந்த ஒரு ஆள்.

அதனால்தான் பாட்டி வளர்த்த பிள்ளைகளைப் பற்றி நான் பதறுவதில்லை. திருப்பூருக்கோ வளைகுடாவுக்கோ வேலைக்குப் போன பெற்றோரின் பிள்ளைகள் எங்களிடம் நிறைய வருகிறார்கள். பாட்டியிடம் வளர்ந்தது என்பதில் தீங்கு இல்லை. இரண்டு வயது வரை பாட்டி, மூன்று வயதில் திடீரென்று அப்பா அம்மாவிடம், ஒரே வருடத்தில் மறுபடி சித்தி வீடு, ஐந்தாம் வகுப்பில் ஹாஸ்டல் என்று கை மாறிக்கொண்டே இருப்பதுதான் என்னை நிறுத்துகிறது. இப்படிப்பட்ட பிள்ளையிடம், "உனக்கு ஜுரம் வந்தா யாரு பக்கத்துல உக்காருவாங்க?" என்று கேட்பேன். யோசிக்காமல் ஒரு பெயர் வந்தால் எனக்குப் பாதி நிம்மதி.

எண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் அமெரிக்காவின் சான் டியகோவில் செய்து 1998-ல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. சிறுவயதில் அடி, வசை, பாலியல் கொடுமை, வீட்டில் வன்முறை, குடி, மனநோய், சிறை என்று எத்தனை வகைத் துயரங்களைச் சந்தித்தார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு எண்ணினார்கள். எண் கூடக் கூட மனச்சோர்வு, தற்கொலை முயற்சி, போதை, இதய நோய் எல்லாம் கூடின. பிறகு அந்த எண்ணையே பலர் ஒரு கருவியாக எடுத்துக்கொண்டு தனி மனிதர்களுக்கு மதிப்பெண் போட ஆரம்பித்தார்கள். 2020-ல் ஆண்டாவே முன்வந்து எழுதினார்: இது மக்கள் கூட்டத்தைப் புரிந்துகொள்வதற்கான எண், ஒரு தனி மனிதரின் வருங்காலத்தைச் சொல்ல இதைப் பயன்படுத்தக் கூடாது. தாம் செய்த கருவியின் எல்லையைத் தாமே எழுதிவைத்த அந்த நேர்மைக்கு நான் தலை வணங்குகிறேன். என் முன்னால் உட்கார்ந்திருப்பது ஒரு கூட்டம் அல்ல. பால்பல் விழுந்த ஒரு பையன்.

எங்கள் பிரிவில் சில நடைமுறைகள் இப்போது பழக்கமாகிவிட்டன. ஆரம்ப காலக் கேள்விகளை முதல் நாளே கேட்டு முடிப்பதில்லை. தாயைத் தனியாகவும் தகப்பனைத் தனியாகவும் ஒருமுறையாவது பார்ப்போம், அடியும் குடியும் பெரும்பாலும் அப்போதுதான் வாயைத் திறக்கும். மாமியார் வந்திருந்தால் அவருக்கும் ஒரு நாற்காலி, ஒரு நேரம். "உங்க காலத்துல எப்படிம்மா புள்ள வளத்தீங்க?" என்று கேட்டால் அவரும் ஒரு காலத்தில் வெந்நீர் வைத்துக்கொடுக்க ஆள் இல்லாமல் கிடந்தவர் என்று பலமுறை தெரியவரும். தகப்பன்மார்களை முன்பெல்லாம் நாங்கள் பெயருக்குத்தான் கேட்போம், அது எங்கள் பிழை. "பொறந்ததும் எப்ப முதல்ல தூக்குனீங்க?" என்ற கேள்விக்கு ஒரு லாரி டிரைவர் வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தூக்கவே இல்ல மேடம், பயமா இருந்துச்சு, அவ்ளோ சின்னதா இருந்தான்" என்றார்.

அவர்தான் மஞ்சப்பை அம்மாவின் கணவர். அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். ஏழாம் மாதத்தில் பிறந்த பையன். எடை 1,300 கிராம். மூன்று வாரத்துக்கு மேல் கண்ணாடிப் பெட்டி. குறைமாதத்தில், அதுவும் எடை வெகுவாகக் குறைந்து பிறந்த பிள்ளைகளுக்குக் கவனக் குறைவும் மிகைத்துடிப்பும் வரும் வாய்ப்பு மற்ற பிள்ளைகளைவிட அதிகம். இவனுக்கு வந்திருந்தது. வகுப்பில் முன் வரிசையில் உட்காரவைப்பது, வேலையைச் சின்னச் சின்னத் துண்டாகக் கொடுப்பது, வீட்டில் கத்தாமல் ஒரே ஒரு கட்டளை சொல்வது என்று ஆரம்பித்தோம். பிறகு மருந்தும் தேவைப்பட்டது. அது நன்றாக வேலை செய்தது.

நாலாவது முறை வந்தபோது அந்த அம்மா தனியாக வந்தார். தாள்களைப் பரப்பவில்லை. "ஒண்ணு சொல்லணும் மேடம். வீட்டுக்குக் கொண்டாந்தப்புறம் ரொம்ப நாளு எனக்கு அவன் மேல ஒண்ணுமே தோணல. பால் குடுப்பேன், துணி மாத்துவேன். யாரோ வீட்டுப் புள்ள மாதிரி இருந்துச்சு. யாருகிட்டயும் சொன்னதில்ல. அதனாலயா மேடம்?"

அதனால் அல்ல என்று உடனே சொல்லிவிட்டால் அவர் இவ்வளவு நாள் சுமந்ததை நான் தட்டிவிட்டதாக ஆகும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். பிறகு அந்த மாதங்களில் தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, செத்துப்போகலாம் என்று தோன்றியதா என்று கேட்டேன். தோன்றியிருக்கிறது. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க எடின்பரோவில் உருவாக்கிய பத்துக் கேள்விகள் 1987-லிருந்து இருக்கின்றன, தமிழிலும் உண்டு. தடுப்பூசி போட வந்த எந்த நாளிலாவது யாராவது அந்தப் பத்துக் கேள்விகளைக் கேட்டிருந்தால் அன்றே பிடித்திருக்கலாம். குழந்தையின் எடையை ஒவ்வொரு முறையும் போட்டார்கள். தாயை யாரும் கேட்கவில்லை. உங்களுக்கு அப்போது ஒரு நோய் இருந்தது, அதற்குப் பெயர் உண்டு, அதற்கு வைத்தியம் கிடைக்காமல் போயிற்று என்று சொன்னேன். பையனின் மிகைத்துடிப்பு ஏழாம் மாதத்தில் பிறந்ததோடும், அவன் அப்பா வழியோடும் தொடர்புள்ளதாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பதையும் சொன்னேன். அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப என்ன நான் வெறுக்கலையா அவன?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் அவர் பையனை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவைத்திருந்தாரா என்றும் கேட்டேன். கங்காரு முறை என்று இப்போது நம் அரசு மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளிலும் செய்கிறார்கள். 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் பெட்டிகள் போதாமல் எட்கர் ரே என்ற மருத்துவர் ஆரம்பித்தது. அப்படி வளர்ந்த குழந்தைகளை இருபது வருடம் கழித்துத் தேடிப் பார்த்தபோது மிகைத்துடிப்பும் முரட்டுத்தனமும் குறைவாக இருந்தன என்று 2017-ல் வெளியிட்டார்கள். "நர்ஸக்கா கட்டிவிடுவாங்க மேடம். டெய்லி ரெண்டு மணி நேரம். எனக்கு ஒண்ணும் தோணாது, ஆனா வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்." ஒன்றும் தோன்றாமலே தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்ததை நான் கோப்பில் தனி வரியாக எழுதினேன்.

அடுத்த முறை பையனோடும் கணவரோடும் வரச் சொன்னேன். பிறந்த கதையை அவனுக்கு யாரும் சொன்னதில்லை. டிஸ்சார்ஜ் சீட்டு, கண்ணாடிப் பெட்டி எல்லாம் வீட்டில் தாழ்ந்த குரலில் பேசும் சங்கதிகளாகவே இருந்தன. ஏதோ கெட்டது நடந்திருக்கிறது, அது தன்னைப் பற்றியது என்று மட்டும் அவனுக்குத் தெரியும். "இன்னைக்கு நீங்க சொல்லுங்கம்மா" என்றேன். அம்மா தயங்கினார். அப்பா ஆரம்பித்துவிட்டார். மழை, ராத்திரி, நூற்றியெட்டு ஆம்புலன்ஸ், வழியில் பஞ்சரான டயர். பையன் நாற்காலியில் ஆடாமல் உட்கார்ந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"நான் எவ்ளோ பெருசா இருந்தேன்?"

அம்மா தன் இடது கையை நீட்டினார். "என் கையில அடங்கிருவ. உன் பாதம் என் கட்டவிரலு அளவுதான் இருந்துச்சு."

அவன் குனிந்து செருப்பைக் கழற்றி, காலைத் தூக்கி அம்மாவின் கட்டைவிரல் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.